தைமிடின் - ஒரு மூலக்கூறின் கதை

டி.என்.ஏ என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வாட்சன், கிரிக், இரட்டைச் சுருள், 1953. அந்தச் சுருள் எந்த செல்லில், எப்போது, எப்படி இரண்டாகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வைத்தது தைமிடின் என்ற ஒரு சிறிய மூலக்கூறு. பாடப்புத்தகத்தில் அதற்கு அரை வரிதான் கிடைக்கும். ஆனால் கடந்த எழுபது வருட உயிரியலிலும் மருத்துவத்திலும் அது புகுந்து வந்த இடங்கள் ஏராளம். மூளை வளருமா என்ற சண்டையிலும் அது இருக்கிறது, எய்ட்ஸ் நோய்க்கான முதல் மருந்திலும் இருக்கிறது.

கன்றுக்குட்டியின் சுரப்பியிலிருந்து...

1893-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் கோசல், ஆல்பர்ட் நியூமன் என்ற இருவர் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். தைமஸிலிருந்து கிடைத்ததால் அதற்குத் தைமின் என்று பெயர் வைத்தார்கள். செல்களின் வேதியியல் பற்றிய ஆராய்ச்சிக்காக கோசலுக்கு 1910-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு அமெரிக்காவின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் ஃபீபஸ் லெவீன், டி.என்.ஏ-வில் இருக்கும் சர்க்கரை டிஆக்சிரைபோஸ் என்பதை 1929-இல் கண்டுபிடித்தார்.

தைமின் + டிஆக்சிரைபோஸ் = தைமிடின். கணக்கு அவ்வளவுதான். இதனுடன் பாஸ்பேட்டும் சேர்ந்துவிட்டால் டி.என்.ஏ சங்கிலியில் ஒரு கண்ணியாகக் கோக்கத் தயார். டி.என்.ஏ-வின் நான்கு எழுத்துக்கள் அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொண்டால் அதில் ஒன்று இது.

நான்கில் இதற்கு மட்டும் என்ன சிறப்பு? செல்லுக்குள் டி.என்.ஏ தவிர ஆர்.என்.ஏ என்ற இன்னொன்றும் இருக்கிறது. மற்ற மூன்று எழுத்துக்களும் இரண்டுக்கும் பொது. ஆனால் ஆர்.என்.ஏ-வில் தைமினுக்குப் பதிலாக யுராசில் இருக்கும். ஆகவே ஒரு செல்லுக்குத் தைமிடினைக் கொடுத்தால் அது போய்ச் சேரும் இடம் டி.என்.ஏ. செல் புதிதாக டி.என்.ஏ தயாரிப்பதோ பிரிவதற்கு முன்புதான். அப்படியென்றால் தைமிடின் மேல் ஏதாவது ஓர் அடையாளம் வைத்து அனுப்பினால், எந்த செல் பிரியத் தயாராகிறது என்று தெரிந்துவிடும் அல்லவா?

அவரை வேரில் ஒரு சோதனை

அடையாளம் வைப்பதற்குக் கதிரியக்கம் உதவியது. ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம் டிரிடியம். இதன் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள். இதிலிருந்து வெளிவரும் பீட்டா கதிர் மிகவும் பலவீனமானது. அந்த பலவீனம்தான் இங்கே பலம்! புகைப்படப் படலத்தில் பயன்படும் வெள்ளி உப்புப் பூச்சை செல்களின் மேல் வைத்தால், டிரிடியம் இருக்கும் இடத்திற்கு வெகு அருகில் மட்டும் கறுப்புப் புள்ளிகள் விழும். அதுவரை பயன்பட்ட கதிரியக்கப் பாஸ்பரஸின் கதிர்கள் தூரமாகப் பாய்வதால் படம் கலங்கிப்போகும். டிரிடியத்தை வைத்து ஒரே செல்லுக்குள் இருக்கும் தனித்தனி குரோமோசோம்களைக்கூட அடையாளம் காணலாம். இந்த முறைக்கு ஆட்டோரேடியோகிராபி என்று பெயர்.

நியூயார்க் அருகே உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வால்டர் ஹியூஸ் என்ற வேதியியலாளர் டிரிடியம் ஏற்றிய தைமிடினைத் தயாரித்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் டெய்லரும், புரூக்ஹேவனில் இருந்த பிலிப் உட்ஸும் அவருடன் சேர்ந்தார்கள். சோதனைக்கு எடுத்துக்கொண்டது விசியா ஃபாபா என்ற ஒரு வகை அவரையின் வேர் நுனி. அதில் 12 குரோமோசோம்கள்தான், எல்லாம் பெரியவை, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது சுலபம்.

அவர்கள் எதிர்கொண்ட கேள்வியை ஒரு கயிற்றை வைத்துப் புரிந்துகொள்ளலாம். இரண்டு புரி சேர்த்துத் திரித்த வெள்ளைக் கயிறு ஒன்று இருக்கிறது. அதைப் போல இரண்டு கயிறு வேண்டும். புரிகளைப் பிரித்து, ஒவ்வொரு பழைய புரியுடனும் ஒரு புதிய கறுப்புப் புரியைச் சேர்த்துத் திரித்தால், கிடைக்கும் இரண்டு கயிறுகளிலும் பாதி கறுப்பு இருக்கும். அடுத்த முறை வெள்ளைப் புரி மட்டும் கொடுத்து இதையே திரும்பச் செய்தால், ஒரு கயிற்றிலிருந்து வரும் இரண்டில் ஒன்றில் மட்டும் கறுப்பு இருக்கும், மற்றது முழு வெள்ளை.

வேர்களைக் கதிரியக்கத் தைமிடினில் ஊறவைத்து, பிறகு சாதாரணக் கரைசலுக்கு மாற்றிப் பார்த்தபோது கிடைத்தது அப்படியே இந்த விடைதான். முதல் பிரிவில் குரோமோசோமின் இரு பாதிகளிலும் கறுப்புப் புள்ளிகள், அடுத்த பிரிவில் ஒரு பாதியில் மட்டும். 1957-இல் இது வெளியானது. வாட்சனும் கிரிக்கும் சொன்ன யோசனையுடன் இது அழகாகப் பொருந்தியது. அடுத்த ஆண்டு, 1958-இல், மெசல்சனும் ஸ்டாலும் பாக்டீரியாவில் கனமான நைட்ரஜனை வைத்து டி.என்.ஏ அளவிலேயே இதை நிரூபித்தார்கள். பாடப்புத்தகங்கள் அவர்களைக் கொண்டாடுகின்றன. அதில் தவறில்லை. ஆனால் டெய்லரின் அவரை வேருக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

டி.என்.ஏ-வின் முதல் படம்

டிரிடியம் தைமிடின் கையில் கிடைத்ததும் ஆய்வகங்களில் ஒரு திருவிழாவே நடந்தது எனலாம். 1959-இல் குவாஸ்ட்லரும் ஷெர்மனும் சுண்டெலியின் குடலில் இதைச் செலுத்தி, ஒரு செல் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மணி நேரம் செலவழிக்கிறது என்று கணக்கிட்டார்கள். குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது என்பதும் இம்மாதிரி ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்தது. புற்றுநோய் மருந்து எடுத்துக்கொள்பவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, முடி உதிர்வு எல்லாம் ஏன் வருகின்றன? வேகமாகப் பிரியும் செல்களை அந்த மருந்துகள் தாக்குகின்றன. குடலும் முடி வேரும் அந்த வகை என்பது காரணங்களில் ஒன்று.

1963-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பணியாற்றிய ஜான் கெயின்ஸ், ஈ.கோலை பாக்டீரியாவுக்குத் தைமிடினை ஊட்டி, செல்லை மென்மையாக உடைத்து டி.என்.ஏ-வை அப்படியே விரித்து, சுமார் இரண்டு மாதங்கள் இருட்டில் வைத்துப் படம் எடுத்தார். தெரிந்தது ஒரு வளையம். சுற்றளவு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பாக்டீரியாவின் நீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஐநூறில் ஒரு பங்கு! இவ்வளவு நீளமான நூல் அவ்வளவு சிறிய பைக்குள் எப்படி மடிந்திருக்கிறது என்பது பிறகு தனி ஆராய்ச்சியானது.

யாரும் நம்பாத முடிவு

தைமிடின் கதையில் வருத்தமான பகுதி இது. மூளையின் நரம்பு செல்கள் பிறப்பை ஒட்டி உருவாவதோடு சரி, அதன்பின் புதிதாக ஒன்றுகூட வராது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே நரம்பியலில் வேதவாக்கு. ஸ்பெயின் நாட்டின் மேதை ரமோன் இ கஹால் சொன்னது அது. அவரை மறுத்துப் பேச யாருக்கும் துணிவு வரவில்லை.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜோசப் ஆல்ட்மன், எம்.ஐ.டி-யில் இருந்தபோது வளர்ந்த எலிகளுக்குத் தைமிடினைச் செலுத்திப் பார்த்தார். மூளையில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. 1962-இல் 'சயின்ஸ்' இதழில் அதைக் கட்டுரையாக எழுதினார். தலைப்பே ஒரு கேள்விதான்: வளர்ந்த பாலூட்டிகளின் மூளையில் புதிய நரம்பு செல்கள் உருவாகின்றனவா? 1965-இல் கோபால் தாஸ் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் பிறப்புக்குப் பிறகும் புதிய நரம்பு செல்கள் வருவதைக் காட்டினார்.

பதிலாகக் கிடைத்தது பெரும்பாலும் மௌனம். எதிர்ப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. புள்ளி விழுந்த செல் நரம்பு செல்தானா, அல்லது அதைச் சுற்றியிருக்கும் துணை செல்லா என்று அன்றைய மைக்ரோஸ்கோப்பில் உறுதியாகச் சொல்வது கடினம். பழுதடைந்த டி.என்.ஏ-வைச் சரிசெய்யும்போதும் கொஞ்சம் தைமிடின் உள்ளே போகக்கூடும். 1977-இல் மைக்கேல் கேப்லன் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வைத்து, அவை நரம்பு செல்களே என்று காட்டினார். அதற்கும் பெரிய வரவேற்பில்லை. 1985-இல் யேல் பல்கலைக்கழகத்தின் பாஸ்கோ ராகிச், அதே தைமிடினைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, வளர்ந்த குரங்கின் மூளையில் புதிய நரம்பு செல்கள் இல்லை என்று எழுதினார். அத்துடன் கதவு மூடியது போலத்தான் இருந்தது.

ஆனால் ஒரு சன்னல் திறந்திருந்தது. ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ நோட்டபோம் பாடும் பறவைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1983-இல் அவரும் ஸ்டீவன் கோல்ட்மனும் வளர்ந்த கேனரிப் பறவையின் மூளையில், பாட்டுக்கான பகுதியில், புதிய நரம்பு செல்கள் சேர்வதைத் தைமிடின் மூலமே காட்டினார்கள்.

மனிதனில் பார்ப்பது எப்படி? ஆராய்ச்சிக்காக மனித மூளையில் கதிரியக்கப் பொருளை ஏற்றிப் பிறகு வெட்டிப் பார்க்க முடியாதே! விடை வேறு வழியில் வந்தது. தைமிடினைப் போலவே இருக்கும் இன்னொரு பொருள் புரோமோடிஆக்சியுரிடின், சுருக்கமாக பி.ஆர்.டி.யு. செல் இதைத் தைமிடின் என்று நம்பி டி.என்.ஏ-வில் கோத்துவிடும். கதிரியக்கம் தேவையில்லை, இதை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி இருந்தால் போதும். 1982-இல் ஹோவர்ட் கிராட்ஸ்னர் அந்த ஆன்டிபாடியை உருவாக்கினார். சுவீடனில் சில புற்றுநோயாளிகளுக்கு, கட்டியின் வளர்ச்சியை அளப்பதற்காக பி.ஆர்.டி.யு கொடுக்கப்பட்டிருந்தது. அவர்களில் ஐந்து பேர் இறந்த பிறகு அவர்களின் மூளையை பீட்டர் எரிக்சன், ஃபிரெட் கேஜ் குழுவினர் ஆராய்ந்தார்கள். ஹிப்போகேம்பஸில் அடையாளம் பெற்ற நரம்பு செல்கள் இருந்தன. 1998-இல் முடிவு வெளியானது. புற்றுநோயோடு போராடிய அந்த ஐந்து பேரின் உடலிலும் புதிய மூளை செல்கள் பிறந்துகொண்டிருந்திருக்கின்றன!

ஆல்ட்மனுக்கு அங்கீகாரம் கிடைக்க இன்னும் சில வருடங்கள் ஆயின. 2011-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருது இன்னும் இருவருடன் அவருக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது. கஹால் பிறந்த நாட்டிலிருந்தே அந்த விருது வந்தது ஒரு வேடிக்கை. முதல் கட்டுரை வந்து 49 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2016-இல் அவர் காலமானார். விவாதம் இன்னும் முற்றிலும் ஓயவில்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு வளர்ந்த மனிதர்களில் புதிய செல்களைக் காணவில்லை என்றது, அதே ஆண்டு இன்னொன்று இருக்கின்றன என்றது. 2025-இல் சுவீடனின் ஃபிரிசன் குழு, வளர்ந்தவர்களின் ஹிப்போகேம்பஸில் பிரிந்துகொண்டிருக்கும் மூல செல்களைக் கண்டதாக அறிவித்தது.

சென்னையில் படித்த ஒருவரின் பங்கு

கிராட்ஸ்னர் தயாரித்தது மோனோகுளோனல் ஆன்டிபாடி என்ற வகை. அந்த முறையைக் கண்டுபிடித்தவர்கள் கோலரும் மில்ஸ்டைனும், ஆண்டு 1975. இதற்கு இரண்டு வகை செல்களை இணைக்க வேண்டும். இணைந்தவை மட்டும் பிழைக்க வேண்டும், மற்றவை சாக வேண்டும். அதற்குப் பயன்படும் ஊட்டக் கரைசலுக்கு 'ஹாட்' என்று பெயர். ஹைபோசாந்தின், அமினோப்டெரின், தைமிடின் ஆகிய மூன்றின் முதல் எழுத்துக்கள் சேர்ந்தது. அமினோப்டெரின், செல் தானாகத் தைமிடின் வகைப் பொருளைத் தயாரிக்கும் வழியை அடைத்துவிடும். வெளியிலிருந்து வரும் தைமிடினைப் பயன்படுத்தத் தெரிந்த செல் மட்டுமே பிழைக்கும்.

அமினோப்டெரினை உருவாக்கியது லெடர்லி நிறுவனத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். 1948-இல் சிட்னி ஃபார்பர், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவாவது அடக்கிக் காட்டியது இந்த மருந்தால்தான். அதே ஆண்டு சுப்பாராவ் இறந்துபோனார். தன் குழு தயாரித்த மருந்து பிற்காலத்தில் ஆன்டிபாடித் தொழிற்சாலைகளுக்கே அடிப்படையாகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

போலித் தைமிடின்கள்

செல் ஏமாறும் என்றால் வைரஸும் ஏமாறும். 1959-இல் வில்லியம் புருசாஃப் தயாரித்த ஐடாக்ஸ்யுரிடின், தைமிடினைப் போன்ற ஒரு போலிப் பொருள். 1962-இல் ஹெர்பர்ட் காஃப்மன் இதைக் கண்ணில் வரும் ஹெர்பிஸ் வைரஸ் நோய்க்குப் பயன்படுத்தி வெற்றி கண்டார். வைரஸுக்கு எதிரான முதல் மருந்துகளில் ஒன்றாக இது மருத்துவ வரலாற்றில் இடம் பிடித்தது.

1964-இல் டெட்ராய்ட் நகரில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்ற வேதியியலாளர் இன்னொரு போலியைத் தயாரித்தார். சங்கிலியில் அடுத்த கண்ணி மாட்டும் கொக்கியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று நைட்ரஜன் அணுக்கள் கொண்ட ஒரு பகுதியை வைத்தார். இது டி.என்.ஏ-வில் சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் சங்கிலி வளராது. இதன் பெயர் அசிடோதைமிடின், அதாவது ஏ.இசட்.டி. புற்றுநோய் செல்களை இப்படி நிறுத்திவிடலாம் என்பது அவருடைய கணக்கு. யோசனை பிரமாதம், ஆனால் ரத்தப் புற்றுநோய் வந்த சுண்டெலிகளிடம் அது வேலை செய்யவில்லை. ஹார்விட்ஸ் காப்புரிமைகூட வாங்காமல் அதைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டார். 1974-இல் ஜெர்மனியில் வுல்ஃப்ராம் ஓஸ்டர்டாக், எலிகளின் ஒரு ரெட்ரோவைரஸை ஏ.இசட்.டி தடுக்கிறது என்று கண்டார். அன்று மனிதனுக்கு நோய் தரும் ரெட்ரோவைரஸ் எதுவும் தெரியாததால் அதையும் யாரும் கவனிக்கவில்லை.

பிறகு எய்ட்ஸ் வந்தது. 1983-இல் பாரிஸின் பாஸ்டர் நிலையத்தில் அதற்குக் காரணமான வைரஸைக் கண்டுபிடித்தார்கள். எச்.ஐ.வி-யும் ஒரு ரெட்ரோவைரஸ். பரோஸ் வெல்கம் நிறுவனம் பல பொருட்களைச் சோதித்து, ஏ.இசட்.டி-யை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்துக்கு அனுப்பியது. அங்கே சாமுவேல் புரோடரின் ஆய்வகத்தில் ஹிரோவாகி மிட்சுயா 1985 பிப்ரவரியில் அது எச்.ஐ.வி-யைத் தடுப்பதைப் பார்த்தார். ஜூலையில் முதல் நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. 1986-இல் 282 பேரிடம் சோதனை. மருந்து பெற்ற 145 பேரில் ஒருவர் இறந்தார். வெற்று மாத்திரை பெற்ற 137 பேரில் இறந்தவர்கள் 19 பேர். அதற்கு மேல் வெற்று மாத்திரை கொடுப்பது நியாயமில்லை என்று செப்டம்பரில் சோதனையை நிறுத்தி, எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். 1987 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது.

ஏ.இசட்.டி அற்புத மருந்து அல்ல. எலும்பு மஜ்ஜையைத் தாக்கி ரத்தசோகையைக் கொடுத்தது. வைரஸும் சில மாதங்களில் அதற்குப் பழகிக்கொண்டது. விலை ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர். 1989-இல் நோயாளிகளும் ஆதரவாளர்களும் நியூயார்க் பங்குச் சந்தைக்குள்ளேயே புகுந்து போராடினார்கள், அதன்பின் நிறுவனம் விலையைக் குறைத்தது. 1994-இல் வந்த ஒரு செய்தி எல்லோருக்கும் ஆறுதல் அளித்தது. கர்ப்பிணித் தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் ஏ.இசட்.டி கொடுத்தால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைந்தது. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தபின் எய்ட்ஸ் மரணங்கள் பெருமளவு குறைந்தன.

ஹார்விட்ஸ் 1966-இல் தயாரித்த இன்னொரு போலித் தைமிடின் ஸ்டாவுடின். இதன் எச்.ஐ.வி எதிர்ப்புத் திறனைக் கண்டவர்கள் யேல் பல்கலைக்கழகத்தின் லின்னும், ஐடாக்ஸ்யுரிடின் தந்த அதே புருசாஃபும். 2001-இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்த மூன்று மருந்துக் கூட்டில் ஸ்டாவுடினும் ஒன்று. இந்திய அரசு 2004 ஏப்ரல் 1 அன்று இலவச எச்.ஐ.வி சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியம் ஒன்று. அங்கே வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைத்த மாத்திரைகளில் இந்தப் போலித் தைமிடின்கள் இருந்தன. பக்கவிளைவுகள் காரணமாக, ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடும்படி 2009-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பல உயிர்களைக் காப்பாற்றிவிட்டே அது விடைபெற்றது. ஹார்விட்ஸ் 2012-இல் இறந்தார். அவருக்கு இதில் பணம் எதுவும் வரவில்லை.

அசல் தைமிடினே மருந்தாக...

போலிகள் இத்தனை செய்தால், அசல் சும்மா இருக்குமா? உடலில் தைமிடினுக்கு முதல் பாஸ்பேட்டை மாட்டும் என்சைம்களில் ஒன்று தைமிடின் கைனேஸ் 2. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் இது வேலை செய்கிறது. மிக அரிதாகச் சில குழந்தைகள் இதில் குறையோடு பிறக்கிறார்கள். தசைகள் தளர்ந்து, நடக்க முடியாமல், பிறகு மூச்சுவிடவும் முடியாமல் போகும் கொடிய நோய். கட்டுமானப் பொருளை வெளியிலிருந்து தாராளமாகக் கொடுத்தால் என்ன என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மிச்சியோ ஹிரானோ குழுவினர் யோசித்தார்கள். முதலில் சுண்டெலிகளில் பலன் தெரிந்தது, பிறகு நோயாளிகளிடமும் தெரிந்தது. தைமிடினும் டிஆக்சிசைடிடினும் சேர்ந்த அந்த மருந்துக்கு 2025 நவம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும்.

அவரை வேரைத் தைமிடின் கரைசலில் ஊறவைத்த டெய்லரும் அதே கொலம்பியாவில் இருந்தவர்தான். 1957-க்கும் 2025-க்கும் இடையே 68 ஆண்டுகள்.